இலவசமான, தனியர் உருவாக்கிய இயற்பியல் விளையாட்டுகளைத் தேடிக் கண்டறிவது எப்படி?

பணம் கொடுக்காமல் விளையாடக்கூடிய, தனிமனிதர்களோ சிறு குழுக்களோ உருவாக்கிய, இயற்பியலை அடிப்படையாகக் கொண்ட கணினி விளையாட்டுகளை எங்கே தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தேடுபொறியில் தேடினால் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்ட நகல்களும் அவற்றைச் சுற்றி விளம்பரங்களுமே வருகின்றன என்றும், உங்களிடம் இருப்பது தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத பழைய மடிக்கணினி என்றும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்தபோது, உங்களுக்குத் தேவைப்படுவது இன்னொரு பட்டியல் அன்று என்று தோன்றியது. இயற்பியல் வெறும் அலங்காரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் விளையாட்டையும், இயற்பியலை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாத விளையாட்டையும் எப்படிப் பிரித்தறிவது, இரண்டாம் வகையைத் தேடிப் போகும் பாதை எது என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

பொருள்கள் ஒன்றோடொன்று மோதுவதைக் கணக்கிடும் நிரல்களை எழுதுவதும், அதைக் கற்க வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. வகுப்பில் எடுத்துக்காட்டத்தான் இத்தகைய விளையாட்டுகளைத் தேடத் தொடங்கினேன். பிறகு அந்தத் தேடலே தனி ஈடுபாடாகிவிட்டது. இரண்டு வரம்புகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கணினியில் ஓடுபவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். கைபேசிச் செயலிகளின் உலகம் வேறு விதமாக இயங்குகிறது. அத்துடன், என் விருப்பம் இருபரிமாணத்தில் அமைந்த, சோதனை முயற்சி போன்ற சிறிய விளையாட்டுகளின் பக்கம் சாய்ந்தது. எது நல்லது என்று நான் சொல்லும் இடங்களில் அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பாத்திரம் குதித்துவிட்டுக் கீழே விழுகிற எந்த விளையாட்டிலும் ஈர்ப்புவிசை என்று ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதனால் மட்டுமே அது இயற்பியல் விளையாட்டு ஆகிவிடாது. நான் பயன்படுத்தும் அளவுகோல் எளிமையானது: விளையாடுபவர் எடுக்கும் முடிவின் விளைவை, ஆசிரியர் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறாரா, அல்லது நிறை, உராய்வு, உந்தம், மீள்திறன் ஆகியவற்றைக் கணக்கிட்டு அந்தக் கணத்தில்தான் நிரல் கண்டுபிடிக்கிறதா? பென்னட் ஃபாடி 2008-இல் வெளியிட்ட க்யூவாப் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. ஓட்டப்பந்தய வீரர் ஒருவரின் இரண்டு தொடைகளும் இரண்டு கெண்டைக்கால்களும் விசைப்பலகையின் நான்கு விசைகளில் கட்டப்பட்டிருக்கின்றன. நூறு மீட்டர் ஓட வேண்டும். நடப்பதற்கான அசைவு எதுவும் உள்ளே வரைந்து வைக்கப்படவில்லை. மூட்டுகளில் செலுத்தும் முறுக்குவிசை, தரையின் உராய்வு, உடலின் ஈர்ப்பு மையம் விலகும் திசை ஆகியவை சேர்ந்துதான் அடுத்த அடி அமைகிறதா, வீரர் கவிழ்கிறாரா என்று தீர்மானிக்கின்றன. நாம் சிந்திக்காமலே செய்யும் நடை எவ்வளவு கடினமான கட்டுப்பாட்டுச் சிக்கல் என்பதைப் பத்து நிமிடத்தில் விரல்களுக்கு உணர்த்திவிடும் விளையாட்டு அது.

புதிதாக ஒன்றைத் திறந்தவுடன் நான் செய்து பார்க்கும் சோதனையும் அதே அளவுகோலிலிருந்து வந்ததுதான். முதல் ஐந்து நிமிடத்தில், ஆசிரியர் எதிர்பார்த்திருக்க முடியாத வழியில் ஒரு கட்டத்தை முடிக்க முயல்கிறேன். பாலம் கட்டச் சொன்னால் தூக்கி எறியும் கவண் ஒன்றைக் கட்டிப் பார்க்கிறேன். பந்தைப் பெட்டிக்குள் போடச் சொன்னால் பெட்டியைப் பந்தின் மீது கவிழ்க்க முடியுமா என்று பார்க்கிறேன். விளையாட்டு அதற்கு இடம் கொடுத்தால் உள்ளே உண்மையான கணக்கீடு நடக்கிறது என்று பொருள். "இப்படிச் செய்ய முடியாது" என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் தடுத்தால், அது புதிர் விளையாட்டாக நன்றாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டது அது அன்று.

அடுத்து, இலவசம் என்ற சொல். இதற்குள் குறைந்தது நான்கு வேறுபட்ட ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன, தேடும்போது அவை ஒன்றாகக் கலந்து வருவதால்தான் பாதிக் குழப்பம். நிரலைத் திறக்காமல் விளையாட்டை மட்டும் காசின்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிரலையும் திறந்து, மாற்றி எழுதவும் பகிரவும் உரிமை தருபவர்கள் இருக்கிறார்கள். விரும்பிய தொகையைக் கொடுங்கள், கொடுக்காமலும் எடுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் மூன்றாம் வகை. நுழைவை இலவசமாக்கிவிட்டு உள்ளே பொருள்களை விற்பவர்கள் நான்காம் வகை. நிரல் திறந்திருக்கிறது என்பதால் எல்லாமே இலவசம் என்றும் நினைத்துவிடக் கூடாது. தார் உருண்டை ஒன்றை நாயகனாகக் கொண்ட கிஷ் என்ற விளையாட்டின் நிரல் 2010-இல், சுயாதீன விளையாட்டுகள் சிலவற்றை விரும்பிய விலைக்குச் சேர்த்து விற்ற முதல் ஹம்பிள் இண்டி பண்டில் விற்பனை தன் இலக்கை எட்டியபோது, பொதுவில் திறக்கப்பட்டது. ஆனால் அதன் ஓவியங்களும் இசையும் அதே உரிமத்தின்கீழ் வரவில்லை. உங்கள் தேவைக்கு முதல் மூன்று வகைகளும் பொருந்தும். கற்பதும் ஒரு நோக்கமாக இருந்தால், இரண்டாம் வகையை முன்னே வையுங்கள் என்பேன்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். நான் கண்ட வரையில், நல்ல இயற்பியல் விளையாட்டைக் கண்டுபிடிக்கக் குறிச்சொல்லைவிட ஆளைப் பின்தொடர்வது பல மடங்கு பயன் தருகிறது. காரணம், இந்த வகை விளையாட்டு கதையிலிருந்தோ ஓவியத்திலிருந்தோ பிறப்பது அரிது; "இந்த விசையை வைத்து என்ன செய்யலாம்" என்று ஒருவர் சில நாள்கள் செய்து பார்க்கும் சோதனையிலிருந்து பிறக்கிறது. அந்தச் சோதனையை அவர் பெரும்பாலும் இலவசமாக வெளியிடுகிறார். அது பிடித்துப்போனால் விரிவான பதிப்பை விலைக்கு விற்கிறார். ஆகவே விலைக்கு விற்கப்படுவதாக நீங்கள் கேள்விப்பட்ட ஒவ்வொரு விளையாட்டுக்கும் பின்னால் இலவசமான ஒரு மூதாதை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதற்கு என்னால் நிச்சயமாகச் சொல்லக்கூடிய சான்றுகள் பல உண்டு. 2005-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், ஒவ்வொரு விளையாட்டையும் ஒருவரே ஏழு நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதியோடு ஒரு சோதனைத் திட்டம் நடத்தினார்கள். அதில் கைல் கேப்லர் எழுதியது டவர் ஆஃப் கூ: பிசுபிசுப்பான உருண்டைகளை ஒன்றோடொன்று இணைத்துக் கோபுரம் எழுப்ப வேண்டும், இணைப்புகள் சுருள்வில்லைப் போல வளைந்து கொடுப்பதால் கோபுரம் உயர உயரத் தள்ளாடும். 2008-இல் ரான் கார்மெலுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட, புகழ்பெற்ற வேர்ல்ட் ஆஃப் கூ அந்த வாரச் சோதனையின் வளர்ச்சியே. பின்லாந்தைச் சேர்ந்த பெட்ரி புர்ஹோவும் மாதம் ஒரு விளையாட்டு, ஒவ்வொன்றும் ஏழு நாள்களுக்குள் என்ற விரதத்தோடு எழுதிவந்தார். 2007-இல் வந்த கிரேயான் ஃபிசிக்ஸ் அவற்றில் ஒன்று. மெழுகு வண்ணக்கோலால் நீங்கள் வரையும் பெட்டி, வரைந்து முடித்த கணமே எடையுள்ள பொருளாகி விழுந்து பந்தைத் தள்ளும். அதன் விரிவான பதிப்பு 2008-இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலையாய பரிசைப் பெற்று 2009 சனவரியில் விற்பனைக்கு வந்தது. முதல் சிறு பதிப்போ இலவசமாக வெளியிடப்பட்டது. அதே புர்ஹோ பின்னர் இருவரோடு சேர்ந்து, திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனிப் பொருளாகக் கணக்கிடும் நோய்ட்டாவை உருவாக்கினார். ஒருவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கியும் முன்னோக்கியும் நடந்தால் எவ்வளவு கிடைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மாணவர் திட்டங்களும் இப்படித்தான். 2005-இல் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் இலவசமாக வெளியிட்ட நார்பாக்யுலர் டிராப், சுவரில் இரண்டு வாசல்களைத் திறந்து ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளிவரும் எண்ணத்தை முன்வைத்தது. அந்தக் குழுவை வால்வ் நிறுவனம் பணிக்கு எடுத்துக்கொண்டது. 2007-இல் அதே எண்ணத்தின் மேல் போர்ட்டல் என்ற விளையாட்டு பிறந்தது. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் எமில் எர்னர்ஃபெல்ட் தம் முதுகலை ஆய்வுக்காக எழுதிய ஃபன் என்ற இருபரிமாண இயற்பியல் வெளி, 2008-இல் வெளியாகிப் பின்னர் ஆல்கோடூ என்று பெயர் மாறியது. ஆகவே பல்கலைக்கழகங்களின் விளையாட்டு வடிவமைப்புத் துறைகள் தம் மாணவர் படைப்புகளுக்கென வைத்திருக்கும் பக்கங்களையும், சுயாதீன விளையாட்டு விழாவின் மாணவர் பிரிவில் ஆண்டுதோறும் தெரிவானவற்றையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். விளம்பரம் செய்ய யாரும் இல்லாததால் தேடுபொறியில் கீழே கிடப்பவை அங்கே கிடைக்கும்.

ஆளுக்கு அடுத்தபடி பின்தொடரத் தக்கது கருவி. இயற்பியல் கணக்கீட்டைச் செய்யும் நிரல் தொகுதியை இயற்பியல் எஞ்சின் என்பார்கள். ஒரு காலத்தில் இதைத் தானே எழுதக்கூடியவர் மட்டுமே இத்தகைய விளையாட்டைச் செய்ய முடிந்தது. ரஸல் ஸ்மித்தின் ஓப்பன் டைனமிக்ஸ் எஞ்சின் 2001-இல் திறமூலமாக, அதாவது நிரல் எல்லோருக்கும் திறந்ததாக, வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. எரின் காட்டோ 2006-இல் விளையாட்டு நிரலாளர் மாநாடு ஒன்றில் விளக்கத்துக்காகக் காட்டிய சிறிய நிரல், அடுத்த ஆண்டு பாக்ஸ்2டி என்ற முழு எஞ்சினாக வெளிவந்தது. இருபரிமாணத்தில் எதையும் அடுக்கவும் சாய்க்கவும் உருட்டவும் அதுவே போதும் என்ற நிலை வந்தபின், மாலை நேரத்தில் உட்கார்ந்து எழுதும் தனியர்களிடமிருந்து விளையாட்டுகள் பெருகின. ஆங்கிரி பேர்ட்ஸ் கூட அதன்மேல்தான் நிற்கிறது. இதனால் உங்களுக்கு என்ன பயன் என்றால், எஞ்சினின் பெயரே ஒரு தேடுசொல். பாக்ஸ்2டி, சிப்மங்க், புல்லட் என்ற பெயர்களைத் திறமூல நிரல் களஞ்சியங்களிலும் லினக்ஸ் வழங்கல்களின் தொகுப்புப் பட்டியல்களிலும் தேடிப் பாருங்கள். நம்ப்டி ஃபிசிக்ஸ் என்ற, கிரேயான் ஃபிசிக்ஸின் வழியில் எழுதப்பட்ட திறமூல விளையாட்டு எனக்கு அப்படித்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிளின் இரு சக்கரத் தாங்கிகளையும் உடல் எடையையும் சமன்செய்து மேடுபள்ளங்களைக் கடக்கும் எக்ஸ்மோட்டோ, தரையைச் சாய்த்துப் பந்தை உருட்டும் நெவர்பால், பலகைகளையும் பந்துகளையும் வைத்துச் சங்கிலி விளைவு அமைக்கும் தி பட்டர்ஃப்ளை எஃபெக்ட் ஆகியவையும் அதே தொகுப்புப் பட்டியல்களில் அகப்படுபவை. இவற்றின் தோற்றம் பழையதாக இருக்கும். கணக்கீடு பழையதாவதில்லை.

மூன்றாவது வழி, குறுகிய காலத்தில் விளையாட்டு எழுதும் போட்டிகள். லூடம் டேர் 2002 முதல் நடக்கிறது. அதன் கடுமையான பிரிவில் ஒருவர் தனியாக 48 மணி நேரத்தில் எழுதி, மூல நிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குளோபல் கேம் ஜாம் 2009 முதல் நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 2012-இல் தொடங்கிய ஜேஎஸ்13கே. சுருக்கிய கோப்பு 13 கிலோபைட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. எந்தப் பெரிய எஞ்சினும் அந்த இடத்துக்குள் அடங்காது என்பதால், இயற்பியல் விளையாட்டு எழுத விரும்புபவர் மோதலையும் சுருள்வில்லையும் தம் கையாலேயே எழுத வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொன்றின் அசைவிலும் எழுதியவரின் கையெழுத்து தெரியும். ஒன்றை எச்சரிக்க வேண்டும்: போட்டிப் படைப்புகளில் பெரும்பாலானவை அரைகுறையாகவே நிற்கும், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இருபது திறந்து பார்த்தால் இரண்டு தேறலாம் என்பது என் சொந்தக் கணிப்பு, அளந்து சொன்னதன்று. மொத்த மதிப்பெண் வரிசையில் பார்க்காமல், புதுமைக்கென்று தனி மதிப்பெண் இருக்கும் இடங்களில் அதன் வரிசையில் பாருங்கள். இயற்பியல் சோதனைகள் அழகாக இருப்பதில்லை என்பதால் மொத்த வரிசையில் பின்தங்கிவிடுகின்றன.

இணையதளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2013-இல் தொடங்கிய இட்ச்.ஐஓ தான் இப்போது முதலில் போக வேண்டிய இடம். அங்கே ஃபிசிக்ஸ் என்ற குறிச்சொல்லோடு இலவசம், உலாவியில் ஓடுவது என்ற இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்துப் போடுங்கள். அந்தக் குறிச்சொல் மிகப் பரந்தது. ராக்டால் (ragdoll, தளர்ந்த பொம்மை உடல்), சாஃப்ட் பாடி (soft body, நெளியும் பொருள்), சாண்ட்பாக்ஸ் (sandbox, இலக்கின்றி விளையாடும் வெளி), ஃபாலிங் சாண்ட் (falling sand, விழும் மணல்), வெர்லே (verlet) போன்ற குறுகிய சொற்களை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து தேடினால் சல்லடை இன்னும் நன்றாகச் சலிக்கும். கடைசிச் சொல் ஒரு கணித முறையின் பெயர். அதைத் தம் விளக்கத்தில் குறிப்பிடுபவர் கணக்கீட்டைத் தாமே எழுதியவராக இருக்க வாய்ப்பு அதிகம். கேம் ஜோல்ட்டும் நியூகிரவுண்ட்ஸும் அடுத்தவை. ஸ்டீம் என்ற விளையாட்டு விற்பனைத் தளத்தில் இலவச விளையாட்டுகளுக்கும் இயற்பியலுக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் இருந்தாலும், இலவசம் என்ற பெயரில் நான்காம் வகையே அங்கே மிகுதி.

உலாவிக்குள் விளையாட்டுகளை ஓட்டிய ஃபிளாஷ் என்ற செருகியின் காலத்தை விட்டுவிட்டுப் பேசினால் இந்தப் பதில் முழுமையாகாது. 2000 முதல் 2010 வரையிலான இலவச இயற்பியல் விளையாட்டுகளில் பெரும்பகுதி உலாவிக்குள் ஃபிளாஷில் ஓடியவை. போஸ்த்யான் சாடெஷ் என்ற ஸ்லோவேனிய மாணவர் 2006-இல் வெளியிட்ட லைன் ரைடர், கோடு வரைந்தால் அதன்மேல் சறுக்குவண்டி வழுக்கிச் செல்லும் அளவுக்கு எளிமையானது. காலின் நார்த்வே 2008-இல் எழுதிய ஃபென்டாஸ்டிக் கன்ட்ராப்ஷன், சக்கரங்களையும் தண்டுகளையும் இணைத்து ஓர் இயந்திரத்தையே கட்டச் சொன்னது. அடோபி நிறுவனம் 2020 திசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 சனவரி 12 முதல் அந்தச் செருகி தானே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. இழப்பு பெரிதுதான் என்றாலும் முழுமையானதன்று. ரஃபிள் என்ற திறமூல நிரல் பழைய ஃபிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் அதைக்கொண்டு ஒரு தொகுப்பையே திறந்து வைத்திருக்கிறது. ஃபிளாஷ்பாயின்ட் என்ற தன்னார்வலர் திட்டம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளையும் அசைபடங்களையும் சேமித்து, இலவசமாக வழங்குகிறது. சில கோப்புகள் ரஃபிளில் பிழையோடு ஓடும் என்பதால், ஒரு விளையாட்டில் பொருள்கள் விநோதமாக நடந்துகொண்டால் உடனே ஆசிரியரைக் குறை சொல்லாமல், ஃபிளாஷ்பாயின்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் செல்பவை சில உண்டு. தி பவுடர் டாய் அவற்றில் முதலாவது. மணலும் நீரும் தீயும் உலோகமும் புள்ளி புள்ளியாகத் திரையில் விழும். அவற்றுக்கு அடியில் காற்றின் அழுத்தமும் வேகமும், வெப்பக் கடத்தலும், மின்னோட்டமும் தனித்தனியே கணக்கிடப்பட்டுக்கொண்டே இருக்கும். மூடிய உலோகப் பெட்டிக்குள் நீரை வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். அழுத்தத்தைப் பொறுத்துக் கொதிநிலை மாறுவதை நீங்கள் எதிர்பாராத ஒரு கணத்தில் காண்பீர்கள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை நம் கையால் மூட்டிய தீயில் பார்க்கும்போது ஏற்படும் உவகை தனி. பிறர் அதற்குள் கட்டிப் பதிவேற்றிய அணு உலைகளும் கணக்கிடும் இயந்திரங்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. அது திறமூலமும்கூட.

ஆல்கோடூ இப்போது விண்டோஸுக்கும் மேக்குக்கும் இலவசமாகவே தரப்படுகிறது. அதில் இலக்கு, மதிப்பெண் எதுவும் கிடையாது. ஆகவே அது விளையாட்டா கருவியா என்று வாதிடலாம். கப்பியும் பற்சக்கரமும் வரைந்து, அடர்த்தியையும் உராய்வையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பதை விளையாட்டு என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. டோரிபாஷ் 2006-இல் வெளிவந்த, இலவசமாகக் கிடைக்கும் சண்டை விளையாட்டு. ஒவ்வொரு மூட்டையும் மடக்கவா, நீட்டவா, பிடிக்கவா, தளர்த்தவா என்று முடிவு செய்துவிட்டு அடுத்த சில கணங்களை ஓடவிட வேண்டும். கோண உந்தம் என்றால் என்ன என்று அதைவிடப் பொறுமையாகச் சொல்லித்தரும் ஆசிரியரை நான் கண்டதில்லை. மார்ட்டின் ஷ்வைகர் 2000 முதல் வெளியிட்டுவரும் ஆர்பிட்டர், விண்கலத்தைச் சுற்றுப்பாதையில் செலுத்தும் உருவகப்படுத்தல். 2021-இல் அதன் நிரலும் திறக்கப்பட்டது. முன்னே செல்லும் கலத்தை எட்டிப்பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற புதிரான உண்மை அங்கே அனுபவமாகும். எம்ஐடி கேம் லேப் 2012-இல் இலவசமாக வெளியிட்ட எ ஸ்லோவர் ஸ்பீட் ஆஃப் லைட், சிதறிக் கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கப் பொறுக்க ஒளியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும்; நிறங்கள் டாப்ளர் விளைவால் மாறும், தூண்கள் வளையும். நூறு உருண்டைகளோடு முடிந்துவிடும் சிறிய படைப்பு அது, ஆனால் சிறப்புச் சார்பியலை நடந்து பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. வாகனங்களை நூற்றுக்கணக்கான முனைகளாகவும் அவற்றை இணைக்கும் வளையும் தண்டுகளாகவும் கணக்கிட்டு, மோதினால் உண்மையாகவே நசுங்கவைக்கும் ரிக்ஸ் ஆஃப் ராட்ஸும் திறமூலமே.

இவற்றில் காண்பதெல்லாம் உண்மையான இயற்பியலா என்று அடுத்துக் கேட்பீர்கள். இங்கேதான் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் கவனமாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான எஞ்சின்கள் காலத்தை ஏறத்தாழ நொடிக்கு அறுபது துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் திசைவேகத்தையும் இடத்தையும் முன்னகர்த்தி, மோதல்களைக் கண்டுபிடித்து, அவற்றைச் சிலமுறை திரும்பத் திரும்பச் சரிசெய்து தோராயமான விடையை எட்டுகின்றன என்பது உறுதி. அந்தத் தோராயத்தால்தான் உயரமாக அடுக்கிய பெட்டிகள் காரணமின்றி நடுங்குகின்றன. மிக வேகமாகச் செல்லும் சிறு பொருள் மெல்லிய சுவரை ஊடுருவிப் போய்விடுகிறது. பாக்ஸ்2டி ஏறத்தாழ 0.1 மீட்டர் முதல் 10 மீட்டர் வரையிலான நகரும் பொருள்களுக்கென்றே அளவுசெய்யப்பட்டது. அந்த எல்லையை மீறி ஒரு மலையையோ மணல்துகளையோ கொடுத்தால் நடத்தை பிசகும். காற்றின் தடை பல விளையாட்டுகளில் கணக்கிலேயே வருவதில்லை. ஆர்பிட்டரின் எண்களை நம்பிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பவுடர் டாயில் பார்த்த வெப்பநிலையை மேற்கோள் காட்டக் கூடாது. அங்கே நடப்பது பொருள்களின் குணம் பற்றிய நல்லதொரு சித்திரம், அளவீடு அன்று. இத்தகைய விளையாட்டுகள் இயற்பியல் அறிவை வளர்க்குமா என்ற கேள்விக்கு நான் தரக்கூடியது ஆசிரியப் பணியில் கிடைத்த எண்ணம் மட்டுமே: உந்தம், சமநிலை, முறுக்குவிசை ஆகியவற்றில் உள்ளுணர்வு கூர்மையாகிறது, சூத்திரமும் கணக்கும் தனியே உழைத்துத்தான் வருகின்றன.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு சொல். தனியர் எழுதிய செயலிகளைப் பதிவிறக்குவதில் ஆபத்து உண்டு என்பது உண்மை, அதைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் பழக்கம். எதையும் ஆசிரியரின் சொந்தப் பக்கத்திலிருந்தோ அவர் சுட்டும் இடத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். பழைய விளையாட்டுகளைச் சேர்த்துத் தரும் பெயர் தெரியாத பதிவிறக்கத் தளங்கள் கோப்போடு வேறு எதையாவது கட்டிக்கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். உலாவியில் ஓடும் பதிப்பு இருந்தால் முதலில் அதையே பாருங்கள். இட்ச்சின் கணினிச் செயலியில் விளையாட்டை வேலிக்குள் அடைத்து ஓட்டும் அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வையுங்கள். மிகச் சிறிய அளவுக்குச் சுருக்கப்பட்ட பழைய செயலிகளை நச்சுநிரல் தடுப்பான்கள் தவறாகவும் பிடிக்கக்கூடும். 2007-இல் 96 கிலோபைட்டுக்குள் எழுதப்பட்ட, தள்ளாடும் இரு மல்லர்கள் மோதிக்கொள்ளும் சுமோட்டோரி டிரீம்ஸ் போன்றவை அப்படிச் சுருக்கப்பட்டவை. தவறான எச்சரிக்கையா உண்மையானதா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல இயலாததால், ஐயம் இருந்தால் மெய்நிகர் கணினிக்குள் ஓட்டுங்கள், அது முடியாவிட்டால் அந்த ஒன்றை விட்டுவிடுங்கள்.

உங்கள் மடிக்கணினியைப் பொறுத்தவரை, இருபரிமாண விளையாட்டுகள் பெரும்பாலும் தனி கிராஃபிக்ஸ் அட்டையின்றியே ஓடும், ஏனெனில் அவற்றின் சுமை படம் வரைவதில் இல்லை, மையச் செயலி செய்யும் கணக்கில் இருக்கிறது. பவுடர் டாயில் திரையை நிரப்பினால் வேகம் குறையும். அப்போது துகள்களைக் குறையுங்கள். ரிக்ஸ் ஆஃப் ராட்ஸையும் எம்ஐடியின் விளையாட்டையும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அவைதாம் தடுமாறக்கூடியவை. முதலில் உலாவியில் க்யூவாப்பும் லைன் ரைடரும், அடுத்து பவுடர் டாய், அதன்பின் ஜேஎஸ்13கேயின் ஏதேனும் ஓர் ஆண்டுத் தொகுப்பு என்று போகலாம். அந்தத் தொகுப்பில் பொருள்களின் அசைவு உங்களைக் கவர்ந்த ஒரு விளையாட்டைக் கண்டால், அதை எழுதியவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, அவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று தேடத் தொடங்குங்கள்.